முந்நூறு கத்திக்கு ஒரே கை

"அது என் கத்தி இல்ல."

காலையிலிருந்து சங்கமித்ரா இந்த ஒரு வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாளாம். நாங்கள் காவல் நிலையத்துக்குள் நுழைந்தபோது சொல்வதை விட்டுவிட்டுக் கத்த ஆரம்பித்திருந்தாள்.

"அதுல உன் பேர் இருக்கும்மா," என்றார் சப்-இன்ஸ்பெக்டர் ஷில்பா, கன்னடம் கலந்த தமிழில். "தமிழ்ல 'மித்ரா'ன்னு குத்தியிருக்குன்னு எங்க கான்ஸ்டபிள் படிச்சுச் சொல்லிட்டாரு. பெங்களூர்ல வேற யாரு அப்படிக் குத்தறாங்க? சும்னே கத்தாதே."

"பேரை யார் வேணா குத்தலாம். கத்தியை என் கைல குடுங்க. பிடிச்ச உடனே சொல்லிடறேன்."

"அது லேபுக்குப் போயாச்சு. இருந்தாலும் ஸ்டேஷன்ல உக்காந்துகிட்டு கைல கத்தி கேப்பியா?"

"இவ இருக்கிற கோவத்துக்குக் குடுக்காம இருக்கிறதே நல்லது எஸ்ஐ மேடம்," என்றார் ஆண்டனி அண்ணா.

ஆண்டனி அண்ணா என் உதவியாளர். வயதில் என்னைவிடப் பதினைந்து வருஷமாவது பெரியவர். கோலார் தங்கவயல்காரர். அவருடைய ஆம்னி வேனில்தான் எங்கள் துப்பறியும் நிறுவனத்தின் பாதி இருக்கிறது. மீதிப் பாதி நீலசந்திராவில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கிறது. நான் வித்யாலட்சுமி. முன்பு மென்பொருள் கம்பெனியில் டெஸ்டிங் வேலை பார்த்தேன். ஒவ்வொன்றாகச் சோதித்து, ஒவ்வொன்றாக அடித்துவிட்டு, மிச்சம் இருப்பதுதான் பிழை என்று சொல்லும் வேலை. சரியாகச் சோதித்தோமா என்ற சந்தேகம் மட்டும் எனக்கு ஒருநாளும் போனதில்லை.

சங்கமித்ராவும் தங்கவயல்காரிதான்; போலீஸ் கூப்பிட்டதும் ஆண்டனி அண்ணாவுக்குத்தான் போன் செய்திருந்தாள். மெக்கானிக்கல் டிப்ளமோ படித்துவிட்டு நீலசந்திராவில் ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்துச் சமையல் கத்தி செய்கிறாள். வாங்குகிறவரின் கையை அளந்து, அந்தக் கைக்கு மட்டும் ஒரு கத்தி. போன வாரம் ஒரு பெரிய ஓட்டலின் சமையலறையில், 'மித்ரா' என்று குத்தியிருந்த கத்தி வழுக்கி, சிரில் என்கிற சமையல்காரனின் இடக்கை விரல்களை அறுத்துவிட்டது. இரண்டு விரல்கள் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஓட்டல் புகார் கொடுத்தது. நேற்று யாரோ அவள் ஷெட்டின் ஷட்டரைக் கல்லால் அடித்து நெளித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"குறையுள்ள கத்தி வித்தேன்னு ஒப்புக்கிட்டா கேஸ் லேசா போயிடும்," என்றார் ஷில்பா என்னிடம். "இல்லன்னா சாயங்காலம் இன்ஸ்பெக்டர் வந்ததும் அரெஸ்ட்தான். ஒரு பையன் கை போயிருக்கு. நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"ஒப்புக்கிட்டா அப்புறம் எவன் என்கிட்ட கத்தி வாங்குவான்?" என்றாள் சங்கமித்ரா. "ஜெயில்ல இருந்து வெளிய வந்தா கூட வேலை செய்யலாம். இதுல கையெழுத்துப் போட்டுட்டு வெளிய வந்தா என்ன செய்யறது?"

அவள் மேசை விளிம்பை இறுகப் பிடித்திருந்தாள். அது பயம் இல்லை. மேசையைத் தூக்கி எறியாமல் இருப்பதற்கு அவ்வளவு பலம் தேவைப்பட்டது.

விவேக் நகரில், தேவாலயத்துக்குப் பின்சந்தில் சிரிலின் வீடு. அவனுடைய அம்மா தாயம்மா கதவைப் பாதிதான் திறந்தார்.

"அந்தக் கத்திக்காரிக்காகப் பேச வந்தீங்களா?"

"இல்லம்மா. கத்தியைப் பத்திப் பேச வந்தோம்."

"என்னா வித்தியாசம்? எம் புள்ள கையைப் பாத்துட்டுப் பேசு."

உள்ளே கட்டிலில் சிரில் உட்கார்ந்திருந்தான். இடக்கை மணிக்கட்டு வரை கட்டு. அவன் எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சேனைக்கிழங்கு வெட்டிகிட்டு இருந்தேங்க்கா. அந்தக் கத்தி வந்ததுல இருந்தே இழுக்கும்."

"இழுக்கும்னா?"

வலக்கையைக் காற்றில் வைத்து மேலிருந்து கீழே இறக்கிக் காட்டினான். "நேரா இறக்குவேன். அது வெளிப்பக்கமா வலது பக்கம் போகும். சீவல் கோணலா விழும். அதைத் தடுக்க நான் இந்தப் பக்கம் முறுக்கிப் பிடிப்பேன். அன்னைக்கு கெட்டியான கிழங்கு. முறுக்கினேன், வழுக்கி விரல்ல வந்துடுச்சு. பிடியும் கைல உக்காராது. உள்ளங்கைல கல்லு மாதிரி முட்டும்."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"பர்ச்சேஸ் மேனேஜர்கிட்ட சொன்னேன். ராஜேஷ்குமார் சார். 'கையால செஞ்ச கத்தி அப்படித்தான் இருக்கும், பழகிக்கோ'ன்னாரு. ரெண்டாவது தடவை சொன்னதுக்கு, 'உனக்குக் கத்தி பிடிக்கவே தெரியல'ன்னு எல்லார் முன்னாடியும் சொன்னாரு." அவன் குரல் உடைந்தது. "எட்டு வருசமா வெட்டறேங்க்கா."

வெளியே வந்து வேனில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினேன். பேசினால் கத்திவிடுவேன் போலிருந்தது.

"கத்தி இழுக்குது, பிடி முட்டுது," என்றார் ஆண்டனி அண்ணா. "எங்க கல்யாணம் மாதிரியே கீது. அதுக்கும் பழகிக்கோன்னுதான் சொன்னாங்க."

நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

ஓட்டலின் பின்வாசலில் ராஜேஷ்குமாரே வந்து எங்களை அழைத்துப்போனார். நாற்பது வயது, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. நாங்கள் சங்கமித்ராவின் தரப்பு என்று தெரிந்தும் கோபப்படவில்லை. பரிதாபப்பட்டார்.

"அந்தப் பொண்ணு மேல எனக்குத் தனிப்பட்ட பகை இல்லைங்க. ஆன்லைன்ல ஒரு டீலர்கிட்ட வாங்கினோம். 'மித்ரா'ன்னா கைவேலைன்னு பேர் இருக்கே, நம்பினோம். நானே ஒரு மத்தியானம் முழுக்க வெட்டிப் பாத்தேன். வெண்ணெய் மாதிரி இறங்குச்சு. எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்னு நெனச்சா, ஒண்ணு இப்படி வந்துடுச்சு. கைவேலைல அதானே தொல்லை?"

ஸ்டோர் அறையில் மீதிக் கத்திகள் தட்டில் அடுக்கியிருந்தன. அவருக்கு ஏதோ போன் வர, வெளியே போனார்.

நான் ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தேன். சங்கமித்ரா பெயரை எழுத்து எழுத்தாகத் தனித்தனி அச்சு வைத்துச் சுத்தியலால் குத்துவாள் என்று எனக்குத் தெரியும். முதல் கத்தியில் 'த்' சற்றுச் சாய்ந்திருந்தது. கை நழுவியிருக்கும். இரண்டாவதிலும் அதே 'த்' அதே அளவு சாய்ந்திருந்தது. மூன்றாவதிலும் அப்படியே.

"அண்ணா, கைவேலைல தப்பு வரும். ஆனா ஒவ்வொரு தடவையும் புதுசா வரும். ஒரே தப்பை இத்தனை தடவை அச்சு மாறாம எந்தக் கை செய்யும்?"

"மிஷின்," என்றார் அவர். "இல்லன்னா எங்க மச்சான்."

"ஒரு நிஜக் கத்தியை ஸ்கேன் பண்ணி, அதே மாதிரி அடிச்சுத் தள்ளியிருக்காங்க. சாஞ்ச எழுத்தோட."

அவர் ஒரு கத்தியை எடுத்து வீசிப் பார்த்தார். பிறகு விரல்களைத் தளர்த்தி மறுபடி இறுக்கினார். அவர் முகம் மாறியது.

"மேடம், இது எனக்கே செஞ்ச மாதிரி இருக்கு. சும்மா கைல வந்து படுத்துக்குது. இந்தக் கடைசில சுண்டுவிரல்கிட்ட ஒரு பள்ளம்தான் எதுக்குன்னு தெரியல."

நான் வாங்கிப் பிடித்தேன். சிரில் சொன்னது போலவே பிடியின் புடைப்பு என் உள்ளங்கையில் முட்டியது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அலகின் ஒரு பக்கம் தட்டை. மறுபக்கம் மட்டும் சாணை பிடித்துச் சரித்திருந்தது. ஆண்டனி அண்ணாவுக்குப் படுத்துக்கொள்கிற கத்தி எனக்கு ஏன் முட்ட வேண்டும்?

"எந்தக் கைல பிடிச்சீங்க?"

"பீச்சாங்கைல. நான்தான் பீச்சாங்கைக்காரனாச்சே. ஊரே கேலி பண்ணுமே, உங்களுக்குத் தெரியாதா?"

நான் கத்தியை இடக்கைக்கு மாற்றினேன். புடைப்பு உள்ளங்கைக் குழியில் சத்தமில்லாமல் உட்கார்ந்தது.

அது இடக்கைக்காரருக்குச் செய்த கத்தி. வலக்கையில் பிடித்தால் சாணைப் பக்கம் மாறிப்போய், அலகு வெளியே இழுக்கும். கத்தியில் குறை எதுவும் இல்லை. அதைத் தவறான கையில் கொடுத்துவிட்டு, சிரிலுக்குப் பிடிக்கத் தெரியவில்லை என்று சொல்லியிருக்கிறார்கள்.

ஆனால் உடனே அடுத்த கேள்வி வந்தது. ஒரு மத்தியானம் முழுக்க வெட்டிப் பார்த்தேன், வெண்ணெய் மாதிரி இறங்கியது என்கிறாரே ராஜேஷ்குமார்? அப்படியானால் அவர் இடக்கைக்காரரா?

சோதிப்பது கடினமாக இருக்கவில்லை. அவரே எங்களை ஊழியர் கேன்டீனுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். ராகிக் களி உருண்டையை வலக்கையால் கிள்ளி, உருட்டி, குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டார். கேட் பாஸில் வலக்கையால் கையெழுத்துப் போட்டார். அவர் இடக்கைக்காரர் இல்லை. ஆக, கத்தியை அவர் வெட்டியே பார்க்கவில்லை, பெருமைக்குச் சொன்ன பொய் என்று முடிவு செய்தேன். என் மனப்பட்டியலில் அவர் பெயரை அடித்துவிட்டேன்.

வேனுக்கு வந்ததும் போனில் எடுத்த படங்களைச் சங்கமித்ராவுக்கு அனுப்பினேன். அடுத்த நிமிஷம் அழைத்தாள்.

"இது தாஸோட கத்தி." மூச்சு வாங்கியது அவளுக்கு. "இடக்கைக்கு இந்த மாதிரி ஒண்ணே ஒண்ணுதான் செஞ்சிருக்கேன். தாஸ்னு ஒருத்தர் இன்ஸ்டாகிராம்ல ஆர்டர் குடுத்தாரு. ஆளைப் பாத்ததே இல்ல. இடக்கையை பேப்பர்ல வெச்சு வரைஞ்சு அனுப்பினாரு. சுண்டுவிரல் கிரிக்கெட்ல உடைஞ்சு கோணிப்போச்சுன்னு எழுதியிருந்தாரு. அந்த விரல் உக்காரத்தான் கடைசில பள்ளம் விட்டேன். பள்ளத்தையுமா காப்பி அடிச்சிருக்கான்?"

"எல்லாத்துலயும் இருக்கு."

அதற்கு அவள் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. பின்னால் ஷில்பா, "ஏய், ஸ்டேஷன்லம்மா" என்று அதட்டியது கேட்டது.

"அந்த மேனேஜரோட பீச்சாங்கை சுண்டுவிரலைப் பாத்தீங்களா மேடம்?" என்றார் ஆண்டனி அண்ணா.

"நான் சோத்துக்கையைத்தான் பாத்தேன். அவர் வலக்கைக்காரர் அண்ணா. அந்தக் கத்தியை அவர் ஏன் ஆர்டர் பண்ணப் போறாரு?"

"அப்ப அத்திபெலேதான்."

"அங்க என்ன?"

"ஸ்டோர்ல கத்தி வந்த அட்டைப்பெட்டியோட அடியைப் பாத்தேன். மேல இருந்த பேரை மார்க்கரால அடிச்சிருந்தாங்க. அடில அத்திபெலே பட்டறை ஒண்ணோட பேரு அப்படியே கீது. திருடனுங்க எப்பவும் குனிய மாட்டானுங்க."

அத்திபெலேயில் அந்தப் பட்டறையைக் கண்டுபிடிப்பது எளிதாக இருந்தது. முதலாளி ஹரிஷ்குமார், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கம்ப்யூட்டர் கணக்கில் ஓடிக்கொண்டிருந்த சிஎன்சி மிஷினைப் பக்கத்தில் நின்று பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். கத்தியின் படத்தைக் காட்டினேன்.

"ஆமா, நாங்கதான் செஞ்சோம். முந்நூறு பீஸ். ஏன், ஏதாவது பிசகா? இருக்காதே. மாதிரிக்கு ஒண்ணு குடுத்தாங்க. அதுல இருந்து மயிரிழை மாறியிருக்காது."

"அந்த மாறாததுதான் சார் தொல்லை. அடுத்தவங்க பேரைக் குத்தி வித்திருக்கீங்க. திருட்டு இது."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "வார்த்தையைப் பாத்துப் பேசுங்கம்மா. யார் பேரு? எங்க இருக்கு பேரு?"

"இதோ. 'மித்ரா'ன்னு."

அவர் படத்தை வாங்கி வெகு நேரம் பார்த்தார். கோபம் மெல்ல வடிந்தது.

"இது எழுத்தா?"

நான் அவரையே பார்த்தேன். இவ்வளவு நேரமும் என்னுடன் தமிழில்தான் பேசிக்கொண்டிருந்தார்.

"வீட்ல தமிழ்தாங்க," என்றார் தாழ்ந்த குரலில். "படிச்சது கன்னட மீடியம். பேசுவேன், படிக்க வராது. நான் இதை ஏதோ கொடி டிசைன்னு நெனச்சேன்."

"அவர் தாத்தா பேரையே குத்திக் குடுத்தாலும் கொடின்னு வித்திருப்பாரு," என்று ஆண்டனி அண்ணா என் காதில் முணுமுணுத்தார்.

எனக்கு அவர் மேல் கோபப்படவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. "ஆர்டர் குடுத்தது யாரு?"

"தாஸ்னு போன்ல பேசினாரு. மாதிரியை டிரைவர் கொண்டுவந்து குடுத்தாரு. நேர்ல வரல. நான் கேட்டேங்க. ரெண்டு பக்கமும் ஒண்ணு போல இல்லையே, பிடியும் ஒருபக்கமா புடைச்சிருக்கே, சரி பண்ணவான்னு கேட்டேன். வேண்டாம்னாரு. 'கையால செஞ்ச கத்தி அப்படித்தான் இருக்கும், அப்படியே விடு'ன்னாரு. மிஷின் அப்படியே விட்டுச்சு."

அந்த வாக்கியம் எனக்கு எங்கேயோ கேட்டது போலிருந்தது. எங்கே என்று பிடிபடவில்லை. பட்டறையிலிருந்து வெளியே வந்தபோது பொழுது சாய ஆரம்பித்திருந்தது. கையில் இருந்ததெல்லாம் முகமில்லாத ஒரு தாஸ். அவனுடைய போன் நம்பரை ஹரிஷ்குமார் கொடுத்தார். அடித்தால் இந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது. இன்ஸ்பெக்டர் வருவதற்குள் நாங்கள் போய் எதைச் சொல்வது?

ஆண்டனி அண்ணா கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. நெடுஞ்சாலை ஓரத்துத் தள்ளுவண்டியில் சித்ரான்னம் வாங்கி, அந்தத் தகரத் தட்டு சுத்தமாகும் வரை சாப்பிட்டார். கை கழுவிவிட்டு ஒரு கொய்யாப்பழம் வாங்கினார். பையிலிருந்து மடக்குக் கத்தியை எடுத்து நாலாக நறுக்கி, ஒரு துண்டை என்னிடம் நீட்டினார்.

நான் வாங்கவில்லை. அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கத்தி இடக்கையில் இருந்தது.

"அண்ணா, இப்ப எந்தக் கையால சாப்டீங்க?"

"இன்னா கேள்வி இது? சோத்துக்கையால."

"நீங்க இடக்கைக்காரர்தானே?"

"அதை எங்கம்மாகிட்ட சொல்லிப் பாருங்க. பீச்சாங்கையைத் தட்டுல வெச்சா கரண்டி பறந்து வரும். ஸ்கூல்ல சிஸ்டர் ஸ்கேலால தட்டித் தட்டி எழுத்தையும் இந்தப் பக்கம் மாத்திட்டாங்க. சோறும் எழுத்தும் மட்டும்தான் மேடம் இந்தக் கை. கத்தி, ஸ்க்ரூடிரைவர், கேரம்போர்டு, அறை விடறது எல்லாம் அந்தக் கைதான். அதையெல்லாம் யாரும் தட்டி மாத்தல."

என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. நம் வீடுகளில் எந்தப் பிள்ளையை இடக்கையால் சாப்பிட விட்டார்கள்? நான் சோதித்தது அம்மாக்களும் பள்ளிக்கூடமும் அடித்து மாற்றிய இரண்டு வேலைகளை. அவற்றை வைத்து ஓர் ஆளை விட்டுவிட்டேன். வலக்கைக்காரர் என்று முடிவு செய்தபின் அவருடைய இடக்கையை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

எங்கே கேட்ட வாக்கியம் என்பதும் அப்போது நினைவுக்கு வந்தது. கையால செஞ்ச கத்தி அப்படித்தான் இருக்கும். ராஜேஷ்குமார் அப்படிச் சொன்னதாக சிரில் சொன்னான்.

"வெட்டிப் பாத்தேன், வெண்ணெய் மாதிரி இறங்குச்சுன்னு சொன்னாரே அண்ணா, அதைப் பொய்யின்னு நெனச்சேன். அந்த ஆள் சொன்ன ஒரே உண்மை அதுதான்."

ஷில்பாவை அழைத்தேன். ராஜேஷ்குமாரை, இன்னொரு கத்தியுடன், ஸ்டேஷனுக்கு வரச் சொல்லும்படி கேட்டேன்.

"மாதிரிக்கு ஒண்ணு வேணும்னு சொல்லுங்க மேடம். வேற ஒண்ணும் சொல்லாதீங்க."

"அது ஓகே. வேற?"

"ஒரு சேனைக்கிழங்கு நாங்க வாங்கிட்டு வரோம்."

"ஸ்டேஷன்ல சமையல் வேற மாடபேக்கா?" என்று அலுத்துக்கொண்டார். ஆனால் போனை வைக்கும் முன், "பேகா, சீக்கிரம் வாங்க. இன்ஸ்பெக்டர் கிளம்பிட்டாரு," என்றார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ராஜேஷ்குமார் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எதிரில் பெஞ்சில் சங்கமித்ரா. இருவருக்கும் நடுவில் மேசை மேல் ஒரு கத்தி. அவள் அதைத் தொட அனுமதி இல்லை. ஆண்டனி அண்ணா பழைய செய்தித்தாளை விரித்துக் கிழங்கை வைத்தார்.

"ஒரு குழப்பம் சார்," என்றேன். இந்தத் தடவையும் தவறாக இருந்தால் சங்கமித்ரா இன்றிரவு வீட்டுக்குப் போக மாட்டாள். "கத்தியில குறைன்னு நீங்க எழுதிக் குடுத்திருக்கீங்க. ஆனா நீங்களே வெட்டிப் பாத்து நல்லா இருந்துச்சுன்னும் சொன்னீங்க. சிரில் இழுக்குதுங்கறான். எது சரி?"

"அவனுக்குப் பிடிக்கத் தெரியலைங்க. ஒண்ணு ரெண்டுல குறையும் இருக்கு. ரெண்டும்தான்."

"பிடிக்கத் தெரிஞ்சவங்க வெட்டினா எப்படி இருக்கும்னு எஸ்ஐ மேடத்துக்குக் காட்டறீங்களா?"

"அதுக்கென்ன."

எழுந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். யோசிக்கவே இல்லை. கத்தியை எடுத்து, வலக்கையால் கிழங்கை அழுத்திப் பிடித்து, இடக்கையால் இறக்கினார். சீவல்கள் நேராக, ஒரே கனத்தில், ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தன. அழகாகத்தான் வெட்டினார்.

"பாத்தீங்களா? எங்க இழுக்குது?"

"இப்ப நீங்க மேடம்," என்று ஷில்பாவைப் பார்த்தேன்.

ஷில்பா வலக்கையில் வாங்கிக் கிழங்கில் வைத்து அழுத்தினார். அலகு வெளிப்பக்கமாகத் திரும்பி ஓடியது. இரண்டாம் முறையும் அப்படியே. கத்தியைக் கீழே வைத்துவிட்டு உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டார்.

"இதேனு இது? முட்டுது."

"இடக்கைக் கத்தி. ஓட்டலுக்கு வந்த அத்தனையும் இடக்கைக் கத்தி. அதைப் பிடிச்ச அத்தனை பேருல வெண்ணெய் மாதிரி இறங்குச்சுன்னு சொன்னது ஒருத்தர்தான்."

ராஜேஷ்குமார் தன் இடக்கையைப் பார்த்தார். பிறகு அதைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டார்.

"ஊர்ல எத்தனையோ பேர் இடது கைக்காரங்க. நான் இடது கைன்னா அது குத்தமா?"

சங்கமித்ரா எழுந்தாள். யாரும் தடுக்கவில்லை.

"குத்தம் இல்ல. கத்தியைத் திரும்பப் பிடி."

"எதுக்கு?"

"சுண்டுவிரல் எங்க உக்காருதுன்னு பாக்கணும்."

அவர் அசையவில்லை. ஷில்பாவின் குரல் மாறியிருந்தது. "பாக்கெட்ல இருந்து கையை எடுங்க சார்."

கை வெளியே வந்தது. சுண்டுவிரல் நடு மூட்டிலிருந்து உள்நோக்கி வளைந்திருந்தது. ஷில்பா கத்தியை அந்தக் கையில் வைத்தார். வளைந்த விரல் பிடியின் கடைசிப் பள்ளத்தில் போய்ப் படுத்தது. கொஞ்சமும் இடைவெளி இல்லை.

"கிரிக்கெட்ல உடைஞ்சுதுன்னு எழுதியிருந்தியே தாஸ்," என்றாள் சங்கமித்ரா. "நாலு தடவை பிடியை மாத்திச் செஞ்சேன். உனக்கு வலிக்கக் கூடாதுன்னு."

ராஜேஷ்குமார் கத்தியை மேசை மேல் போட்டார். அவர் குரலில் பரிதாபம், பணிவு எல்லாம் போயிருந்தது. "சரி. என்ன இப்ப? ஒண்ணு செய்ய உனக்கு ஒரு வாரம். எனக்கு முந்நூறு வேணும். உன்கிட்ட கேட்டிருந்தா கிழவி ஆயிருப்பே. கத்தி நல்லாத்தானே வெட்டுது? நீயே பாத்தேல்ல?"

"நல்லாத்தான் வெட்டும். உனக்கு." அவள் குரல் உயரவே இல்லை. காலையில் கத்தியதைவிட அது பயமாக இருந்தது. "மிஷின்ல செஞ்சதுக்கு எனக்குக் கோவம் இல்ல. என் ஷெட்லயும் பெல்ட் கிரைண்டர் ஓடுது. மிஷின்ல செஞ்சு உன் பேரைக் குத்தியிருக்கலாமே. அந்த மிஷினுக்கு இது யார் கைன்னு தெரியாது. உனக்குத் தெரியும். உன் கைக்கு அளந்ததை ஊர் கைல எல்லாம் திணிச்ச. அந்தப் பையன் வந்து இழுக்குதுன்னு சொன்னான். கேட்டியா? உனக்குச் சரியா இருந்தா எல்லாருக்கும் சரியா இருக்கும். இல்லன்னா அவனுக்குப் பிடிக்கத் தெரியல. அப்படித்தானே?"

ஷில்பா கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு ராஜேஷ்குமாரை உள்ளே உட்கார வைக்கச் சொன்னார். மேசை மேல் இருந்த ஒப்புதல் தாளை இரண்டாகக் கிழித்துக் குப்பையில் போட்டார்.

"நீ வீட்டுக்குப் போம்மா. ஆயித்து, முடிஞ்சுது. இன்ஸ்பெக்டர்கிட்ட நான் பேசிக்கறேன்."

"நம்ம ஊர் பொண்ணு, ஜெயிச்சிட்டா," என்றார் ஆண்டனி அண்ணா. "வா, பிரியாணி வாங்கித் தரேன். சோத்துக்கையாலயே சாப்பிடலாம்."

சங்கமித்ரா நகரவில்லை.

"முந்நூறுன்னுதானே அத்திபெலேக்காரர் சொன்னாரு?" என்று என்னிடம் கேட்டாள். "ஓட்டல்ல எத்தனை இருந்துச்சு?"

"ஒரு தட்டு. முப்பது, நாப்பது இருக்கும்."

"மிச்சம்?"

நான் அதை யோசிக்கவே இல்லை. கேஸ் முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். அவள் என்னைத் தாண்டி உள்ளறைக்குப் போனாள். கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ராஜேஷ்குமாரின் முன்னால் நின்றாள்.

"மத்ததெல்லாம் எங்க?"

"வித்தாச்சு."

"யாருக்கு?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஷில்பா வந்து பக்கத்தில் நின்றார். அதன்பிறகு ஒவ்வொன்றாக வந்தது. ஒரு கல்யாண மண்டபம். இரண்டு கேட்டரிங்காரர்கள். கோரமங்களாவில் ஒரு பெண்கள் விடுதி மெஸ். எல்லோரிடமும் கையால் செய்தது என்று சொல்லித்தான் விற்றிருக்கிறார். எல்லா இடத்திலும் இந்நேரம் ராத்திரிச் சாப்பாட்டுக்குக் காய் நறுக்கிக்கொண்டிருப்பார்கள். அவர்களில் யாராவது ஒருவர் இழுக்கிற கத்தியை முறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பார். பழகிக்கோ என்று யாராவது சொல்லியிருப்பார்கள்.

"போலீஸ்ல இருந்து நாங்க சொல்லிக்கறோம்," என்றார் ஷில்பா.

"நீங்க லெட்டர் அடிச்சு முடிக்கறதுக்குள்ள இன்னொரு கை போயிடும் மேடம்."

விடுதியின் நம்பரை என் போனில் தேடி எடுத்துக் கொடுத்தேன். மறுமுனையில் மணி நெடுநேரம் அடித்தது. யாரோ எடுத்தார்கள். பின்னணியில் பாத்திரச் சத்தம், குக்கர் விசில்.

"சமையல் பண்றவங்களைக் கூப்பிடுங்க," என்றாள் சங்கமித்ரா. "கூப்பிடுங்கன்னா கூப்பிடுங்க. ... ஆங், உங்ககிட்ட புதுசா வந்த கத்தி இருக்குல்ல? அதை உடனே கீழ வைங்க. யாரும் தொடக் கூடாது. ஆமா, இழுக்கும். உங்க தப்பு இல்ல. உங்களுக்கு வெட்டத் தெரியும். கத்திதான் தப்பான கைல இருக்கு. நாளைக்கு நான் வந்து எல்லாத்தையும் எடுத்துக்கறேன்."

மறுமுனையில் ஏதோ கேட்டார்கள்.

சங்கமித்ரா ஒரு நொடி கண்ணை மூடிக்கொண்டாள்.

"யார் பேசறதா? கத்தில பேர் இருக்கு, பாருங்க. அவதான்."